தலைமுடி அளவு தேய்மானம்: சைக்கிள் செயினை எதை வைத்து அளப்பது?

புதுச் செயின் மாட்டிய மறுநாள். விடியற்காலை ஐந்தரை மணி, அடையாறு திரு.வி.க. பாலம். லேசான ஏற்றம்தான். சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். வலது கால் பிடிமானமே இல்லாமல் கீழே போனது. முட்டி ஹேண்டில்பாரில் இடித்தது. விழாமல் தப்பித்தேன். அடுத்த மிதியிலும் அதே 'டக்'. பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் சத்தம் இல்லை. நான் நாள்தோறும் ஓட்டுகிற சின்னப் பல்சக்கரங்கள் மூன்றில் மட்டும் செயின் பல் தாண்டியது.

வழக்கமாகப் போகும் கடையில் மெக்கானிக் அண்ணன் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஒரு பல்லின் மேல் கட்டைவிரலை வைத்தார்.

"இங்க பாருங்க தம்பி. பல்லு ஒரு பக்கமா சாஞ்சு கொக்கி மாதிரி ஆயிடுச்சு. செயின் புதுசு, பல்லு பழசு. ரெண்டும் சேராது."

"அப்ப கேசட்டையும் மாத்தணுமா அண்ணே?"

"மாத்தித்தான் ஆகணும். பழைய செயினை நாலஞ்சு மாசம் முன்னாடியே கழட்டியிருந்தீங்கன்னா இது தப்பிச்சிருக்கும்."

பின்சக்கரத்தின் பல்சக்கரங்கள் அடுக்கிய தொகுதிதான் கேசட். என் சைக்கிளுக்கு அதன் விலை செயினைப் போல இரண்டரை மடங்கு. காசு போனதைவிட, அந்த நாலைந்து மாதத்துக்கு முன் எனக்கு ஒன்றுமே தெரியாமல் போனதுதான் உறுத்தியது. செயின் சத்தம் போடவில்லை. கியர் ஒழுங்காக மாறியது. வாரம் தவறாமல் துடைத்து எண்ணெயும் விட்டேன். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் ஒரு பொருள் தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அதை எதை வைத்து அளப்பது என்று தேடத் தொடங்கியவன், இரண்டு ஆண்டுகளில் அரை டஜன் வழிகளைப் பழகிப் பார்த்துவிட்டேன். சில கருவிகளை வாங்கினேன், சிலவற்றை நண்பர்களிடம் இரவல் வாங்கினேன்.

கருவிகளுக்குள் போகுமுன் அந்தப் பழைய செயினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தக் கருவி உண்மை சொல்கிறது என்பது அதற்குள்தான் இருக்கிறது.

செயின் கட்டரில் வைத்து ஒரே ஒரு பின்னை மட்டும் தள்ளி எடுத்தேன். மேசை விளக்கின் கீழே வைத்தால் சாதாரண எஃகுத் துண்டு, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது. விரலில் உருட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒரு பக்கம் வழவழப்பான உருண்டை, இன்னொரு பக்கம் மெல்லிய பள்ளம், கண்ணாடி போல் மினுங்கியது. நகத்தை ஓட்டினால் பள்ளத்தின் ஓரத்தில் நகம் தட்டியது. செயின் பல்சக்கரத்தில் வளைந்து ஏறும்போதும் இறங்கும்போதும் இந்தப் பின் உள்தட்டின் துளைக்குள் லேசாகத் திரும்புகிறது. இடையில் மணலும் எண்ணெயும் கலந்த கறுப்புக் குழம்பு. சாணைக்கல் போல அது பின்னையும் துளையையும் சேர்த்தே அரிக்கிறது.

'செயின் நீண்டுவிட்டது' என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். தட்டுகள் ரப்பர் போல் இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னுக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. எல்லா மூட்டுகளையும் கூட்டினால் செயின் நீளமாகத் தெரிகிறது. புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. தெருவோர ஹெர்குலிஸ் ஆனாலும் லட்ச ரூபாய் ரேஸ் சைக்கிள் ஆனாலும் இதே அளவுதான். 0.5 சதவீதம் தேய்ந்துவிட்டது என்றால் ஒரு மூட்டுக்கு 0.06 மி.மீ. கூடியிருக்கிறது என்று பொருள். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். 114 மூட்டுள்ள செயினில் மொத்தமாக 7 மி.மீ. சொச்சம்.

இந்தத் தலைமுடி அளவுதான் கேசட்டைத் தின்கிறது. பல்சக்கரத்தின் பற்கள் 12.7 மி.மீ. இடைவெளிக்கு வெட்டப்பட்டவை. செயினின் இடைவெளி கூடிவிட்டால் உருளைகள் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காருகின்றன. பல பற்கள் பங்குபோட வேண்டிய பாரம் ஓரிரு பற்களின் மேல் விழுகிறது. பல் தேய்ந்து, நீண்ட செயினுக்கு ஏற்றபடி தன் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் பழைய செயினும் பழைய பல்லும் சண்டையில்லாமல் ஓடுகின்றன. சரியான அளவுள்ள புதுச் செயின் வந்தவுடன்தான் குட்டு வெளிப்படுகிறது.

செயினில் தேய்வது பின் மட்டும் அல்ல. பின்னைச் சுற்றியிருக்கும் உருளையும் உள்ளே தேய்ந்து லொடலொடவென்று ஆடத் தொடங்கும். ஆனால் அந்த ஆட்டம் பல்லைக் கெடுப்பதில்லை. கையில் வளையல் எவ்வளவு தொளதொளவென ஆடினாலும் கையின் நீளம் மாறாது அல்லவா? அப்படித்தான். பல்சக்கரத்தில் எல்லா உருளைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்காருவதால் அவற்றுக்கு இடையிலான தூரம் மாறுவதில்லை. ஆக, நாம் அளக்க வேண்டியது கையின் நீளத்தை. வளையலின் ஆட்டத்தை அல்ல. சந்தையில் விற்கும் கருவிகளில் பல இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுகின்றன. செயின் அளக்கும் கருவி வாங்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது ஒன்றுதான் என்று கூடச் சொல்லுவேன்.

நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்று. பெயர் பொறிக்காத, இணையத்தில் மலிவாகக் கிடைத்த தகடு. இரண்டு முனையிலும் ஒவ்வொரு கொம்பு. ஒரு கொம்பைச் செயினுக்குள் மாட்டி, இன்னொரு கொம்பு அடுத்த முனையில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் தேய்ந்தது, இறங்காவிட்டால் நல்லது. பயன்படுத்த இதைவிடச் சுலபமானது இல்லை. பத்து நொடி போதும். மூன்று மாதம் ஓட்டிய செயினில் வைத்தேன். 0.5 பக்கம் தடையில்லாமல் இறங்கியது. மூன்று மாதத்தில் 0.5 சதவீதமா என்று மனம் துணுக்குற்றது. மாற்றுவதற்காகப் புதுச் செயின் ஒன்றை வாங்கிவந்து, பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அதிலும் வைத்துப் பார்த்தேன். முழுக்க இறங்கவில்லை, ஆனால் கொம்பின் முனை அரைவாசி உள்ளே போய் நின்றது. ஒரு கிலோமீட்டர் கூட ஓடாத செயின்!

காரணம் எளியது. இரண்டு கொம்புகளும் உருளைகளை எதிரெதிர்த் திசையில் தள்ளுகின்றன. இடது கொம்பு இடப்புறமாக, வலது கொம்பு வலப்புறமாக. இரண்டு உருளைகளின் ஆட்டமும் நீளத்தோடு கூடிவிடுகிறது. ஒரு உருளை 0.15 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனைக்கும் சேர்த்து 0.3 மி.மீ. பத்து மூட்டு நீளத்தில், அதாவது 127 மி.மீ.யில், 0.5 சதவீதம் என்பதே 0.63 மி.மீ.தான். அளவில் பாதியை ஆட்டமே தின்றுவிடுகிறது. புதுச் செயினிலும் உருளை சுழல வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் செய்கிறார்கள். அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இது மலிவுக் கருவியின் குறை மட்டும் அல்ல, வடிவத்தின் குணம். பார்க் டூலின் சிசி-3.2, ஜெர்மனியின் ரோலோஃப் காலிபர் 2 போன்ற பெயர்பெற்ற கருவிகளும் இரண்டு புள்ளிக் கருவிகளே. அவற்றின் எஃகும் வெட்டும் துல்லியமானவை, பல காலம் உழைக்கும். ரோலோஃப் கருவியில் இன்னொரு அழகும் உண்டு: எஃகுப் பல்சக்கரத்துக்கு ஒரு முனை, அலுமினியப் பல்சக்கரத்துக்கு ஒரு முனை என்று இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறார்கள். மென்மையான அலுமினியம் சீக்கிரம் கெடும் என்பதால் அதற்கு முன்னதாகவே எச்சரிக்கை. நல்ல யோசனை. இருந்தாலும் அளக்கும் முறை அதேதான். இவ்வகைக் கருவிகள் செயினைச் சீக்கிரம் மாற்றச் சொல்லும், தாமதமாகச் சொல்லாது. கேசட்டுக்கு ஆபத்து இல்லை. நல்ல செயினைக் குப்பையில் போடும் ஆபத்துதான் உண்டு. கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். அது 'இறங்கவில்லை' என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். 'இறங்கிவிட்டது' என்று சொன்னால் மட்டும் வேறொன்றில் சரிபாருங்கள்.

அந்த வேறொன்று, வீட்டில் இருக்கும் ஸ்கேலாகவே இருக்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த ஷெல்டன் பிரவுன் என்ற மெக்கானிக், 2008-இல் இறக்கும்வரை சைக்கிளைப் பற்றி எழுதிக் குவித்தவர்; எஃகு ஸ்கேலை வைத்து அளக்கும் முறையை உலகெங்கும் பலர் அவரிடமிருந்துதான் கற்றார்கள். நான் பாரிமுனை ஹார்டுவேர் கடையில் 60 செ.மீ. எஃகு ஸ்கேல் ஒன்று வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். செயின் அளக்கும் பொருள்களில் நான் செலவழித்ததிலேயே மிகக் குறைந்த தொகை இதற்குத்தான். மிக அதிகமாகக் கற்றுக்கொடுத்ததும் இதுவே.

அளக்கும் முறை இது. சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதியை லேசாக அழுத்துங்கள். மேல் செயின் விறைப்பாக நிற்கும். ஒரு பின்னின் இடது ஓரத்தை ஸ்கேலின் 1 அங்குலக் கோட்டில் வையுங்கள். பூஜ்யத்தில் வைக்க வேண்டாம், ஸ்கேலின் முனை பெரும்பாலும் மழுங்கியிருக்கும். அங்கிருந்து 24 மூட்டு எண்ணினால் புதுச் செயினில் பின்னின் இடது ஓரம் சரியாக 13 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். அந்தக் கோட்டை 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் 0.5 சதவீதம் தேய்ந்தாயிற்று. 1/8 அங்குலம் என்றால் ஒரு சதவீதம். மாற்றும் நேரம் தாண்டிப்போய்விட்டது. பள்ளிக்கூடத்து 30 செ.மீ. ஸ்கேல் இதற்கு ஆகாது. பன்னிரண்டு அங்குலத்தோடு அது முடிந்துவிடும். தேய்ந்த செயினின் பின் ஸ்கேலுக்கு வெளியே நிற்கும். பிளாஸ்டிக் ஸ்கேலின் கோடுகளையும் நான் நம்ப மாட்டேன்.

எண்ணும்போது மூட்டுகள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். ஏன் என்பது யோசித்துப் பார்த்தால் சுவையானது. வெளித்தட்டில் இரண்டு பின்களும் இறுகப் பதிந்தவை. அவற்றுக்கு இடையிலான 12.7 மி.மீ. என்றைக்கும் மாறாது. தேய்மானம் முழுவதும் உள்தட்டு இருக்கும் இடைவெளியில்தான் தெரியும். ஒற்றைப்படையில் எண்ணினால் ஒரு பக்கம் கூடுதலாகவோ குறைவாகவோ விழுந்து கணக்கு தப்பும். ஸ்கேல் பின்னை நேரடியாக அளக்கிறது. உருளை எப்படி ஆடினாலும் அதற்குக் கவலை இல்லை. அதனால் வளையல் பிரச்சினையே இங்கு எழாது.

கழுவுவதற்காகச் செயினைக் கழற்றும் நாளில் இன்னும் நன்றாக அளக்கலாம். பால்கனி ஆணியில் தொங்கவிட்டு 40 மூட்டுகளை அளப்பேன். புதுச் செயினில் 508 மி.மீ. 0.5 சதவீதத்தில் 510.5, 0.75-இல் 511.8, ஒரு சதவீதத்தில் 513. இரண்டரை மி.மீ. வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும். சைக்கிளில் மாட்டியிருக்கும்போது இவ்வளவு நீளம் நேராகக் கிடைக்காது. பெரும்பாலான சைக்கிள்களில் மேல் செயின் சுமார் 40 செ.மீ. நீளத்துக்குத்தான் நேராக ஓடும்.

ஸ்கேலிடம் குறை இல்லையா? உண்டு. எண்ணெய்க் கறை படிந்த கையோடு, மங்கிய வெளிச்சத்தில், அரை மி.மீ.யைக் குனிந்து பார்ப்பது வேலைதான். செயின் கொஞ்சம் தொய்ந்தாலோ, ஸ்கேல் சாய்ந்தாலோ அளவு மாறும். நாற்பது வயதைத் தாண்டிய என் நண்பர் ஒருவர் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார், நல்ல உபாயம். ஆனால் இந்தச் சிரமத்தால்தான் பலர் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். நானும் இரண்டு மாதம் அளக்காமல் ஓட்டினேன். அப்போதுதான் மூன்று புள்ளிக் கருவியைத் தேடிப் போனேன்.

ஷிமானோவின் டிஎல்-சிஎன்42, பார்க் டூலின் சிசி-4, பெட்ரோஸ் கம்பெனியின் செயின் செக்கர் பிளஸ் 2 மூன்றும் இந்த வகை. தட்டையான எஃகுத் துண்டில் இரண்டுக்குப் பதில் மூன்று கொம்புகள். ஒரு முனையில் அடுத்தடுத்து இரண்டு கொம்புகள் செயினுக்குள் இறங்கி, உருளையை ஒரு திசையில் தள்ளிப் பிடித்துக்கொள்கின்றன. தொலைவில் இருக்கும் மூன்றாவது கொம்பும் தன் உருளையை அதே திசையில்தான் தள்ளுகிறது. இரண்டு உருளைகளும் ஒரே பக்கம் சாய்வதால் ஆட்டம் ஒன்றையொன்று கழித்துவிடுகிறது. மிஞ்சுவது பின்னின் தேய்மானம் மட்டும். பல்சக்கரத்தில் உருளைகள் எப்படி உட்காருகின்றனவோ அதே மாதிரி உட்காரவைத்து அளக்கிறது. இந்த ஒரு கொம்பைக் கூடுதலாகச் சேர்க்கத் தோன்றியவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

நண்பரிடம் ஷிமானோ கருவியை ஒரு மாதம் இரவல் வாங்கினேன். மாட்டி, நடுவில் விரலால் அழுத்தி, மறுமுனை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே கேள்வி, ஒரே பதில்: மாற்று, அல்லது மாற்றாதே. கடையில் நாளுக்கு இருபது சைக்கிள் பார்க்கும் மெக்கானிக்குக்கு இதைவிட வேறு வேண்டாம். எனக்கு ஒரு குறை இருந்தது: எல்லையை நெருங்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாது, தாண்டிய பிறகுதான் தெரியும். பெட்ரோஸ் கருவியை ஒரு கடையில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதே தகட்டில் செயினைத் தளர்த்திப் பிடிக்கும் கொக்கியும் முன் பல்சக்கரமான செயின்ரிங்கின் நட்டைப் பிடிக்கும் பற்களும் இருக்கின்றன. கருவிப்பெட்டியில் இடம் மிச்சமாகும். நான் கடைசியில் வாங்கியது பார்க் டூல் சிசி-4. அதில் 0.5, 0.75 என்று இரண்டு எல்லைகள். இரண்டுக்கும் நடுவே ஒரு முன்னறிவிப்பு கிடைக்கிறது. 0.5 இறங்கியதும் புதுச் செயின் வாங்கி வைத்துக்கொள்ளலாம். விலை நல்ல செயின் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வரும். யோசிக்க வைக்கும் தொகைதான். ஒரு கேசட்டைக் காப்பாற்றினால் கணக்கு தீர்ந்துவிடும்.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று செயின்களைப் பால்கனியில் தொங்கவிட்டேன். ஒன்று புதியது, ஒன்று மூன்று மாதம் ஓடியது, ஒன்று திரு.வி.க. பாலத்துக்கு முன் கழற்றிய அந்தப் பழைய செயின். புதியது ஸ்கேலில் 508 மி.மீ., கோடு தவறவில்லை. மூன்று மாதச் செயின் 509.5, அதாவது 0.3 சதவீதம், இன்னும் ஆயுள் இருக்கிறது. பழையது 513. மலிவான இரண்டு புள்ளித் தகடு நடுச் செயினிலும் பழைய செயினிலும் 0.5 பக்கம் முழுதாக இறங்கியது. இரண்டையும் குப்பையில் போடச் சொன்னது. சிசி-4 புதியதிலும் நடுச் செயினிலும் 0.5-இல் இறங்கவே இல்லை, பழையதில் 0.75 பக்கமே தடுக்காமல் விழுந்தது. ஸ்கேலும் மூன்று புள்ளிக் கருவியும் மூன்று செயினிலும் ஒரே தீர்ப்பைச் சொன்னதைப் பார்த்தபோது மனதில் இருந்த கடைசிச் சந்தேகமும் போனது. அந்த நடுச் செயினை மறுபடி மாட்டினேன். அது மேலும் நான்கு மாதம் ஓடியது.

டிஜிட்டல் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. டிஜிட்டல் வெர்னியர் காலிபர் வைத்திருப்பவர்கள் அதன் உள்தாடைகளை இரண்டு உருளைகளுக்கு நடுவே விரித்து அளக்கிறார்கள். 10 மூட்டு நீளமான 127-இலிருந்து உருளையின் குறுக்களவு 7.75-ஐக் கழித்தால் புதுச் செயினில் 119.25 மி.மீ. அருகே வர வேண்டும். திரையில் இரண்டு தசம இலக்கம் ஒளிரும். ஆனால் தாடைகள் உருளைகளை எதிரெதிரே தள்ளுவதால் மலிவுத் தகட்டின் அதே கோளாறு இங்கேயும் உண்டு. தப்பான ஒன்றைத் துல்லியமாக அளந்து பயன் இல்லை. செயினின் புதுநாள் அளவை முதலிலேயே குறித்து வைத்து, அதோடு ஒப்பிட்டுக்கொண்டே வருபவருக்கு மட்டும் காலிபர் ஓரளவு உதவும். செயின்ரிங்கின் முன்புறம் செயினை விரலால் இழுத்து, பல்லுக்கும் செயினுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது நம் தெருக் கடைகளில் நெடுநாளாக இருக்கும் வழக்கம். பல் முழுக்கத் தெரியுமளவு செயின் எழுந்தால் செயின் போய்விட்டது உறுதி. அதற்குள் கேசட்டும் போயிருக்கும்.

செல்போன் செயலிகளில் கிலோமீட்டர் கணக்கு வைத்து, இத்தனையாயிரம் ஆனதும் நினைவூட்டச் சொல்லலாம். அதை நான் நம்பி இருப்பதில்லை. திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 90 கி.மீ. கோடையில் காய்ந்த சாலையில் ஓடும் 90-உம், ஐப்பசி மழையில் சேறும் கடல் மணலும் தெறிக்க ஓடும் 90-உம் செயினுக்கு ஒன்றல்ல. மழைக்காலத்தில் என் செயின் தேயும் வேகம் கண்கூடாகவே கூடுகிறது. தூரம் எவ்வளவு என்பதைச் செயலி சொல்லும். அந்தத் தூரத்தில் என்ன கலந்திருந்தது என்பது பின்னுக்குத்தான் தெரியும்.

எத்தனை சதவீதத்தில் மாற்றுவது? பின்பக்கம் 11, 12 பல்சக்கரம் உள்ள சைக்கிளில் 0.5. பத்தும் அதற்குக் கீழும் இருந்தால் 0.75. கியர் இல்லாத ஒற்றைப் பல்சக்கர வண்டியில் ஒரு சதவீதம் வரை போகலாம். பல்சக்கரங்கள் கூடக் கூடச் செயின் மெலிகிறது. 11 ஸ்பீடு செயினின் அகலம் ஐந்தரை மி.மீ. அளவுதான், பொறுக்கும் தன்மை குறைவு. கம்பெனி தன் செயினுக்கென்று வேறு எல்லை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஸ்ராமின் ஃபிளாட்டாப் ரோடு செயின்களில் உருளை பெரியது. சாதாரணக் கருவி அதில் தப்பாகக் காட்டும். அப்படிப்பட்ட செயின் வைத்திருப்பவர்கள் கருவியின் உறையில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

நம் ஊரில் இந்த அளவையே பழக்கத்தில் இல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அப்பாவின் பழைய ரோட்ஸ்டர் சைக்கிளில் செயின் தொய்ந்தால் பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை முறுக்குவார்கள். அதற்கும் மேல் தொய்ந்தால் கடைக்காரர் இரண்டு கண்ணியை வெட்டி எடுத்துவிடுவார். செயின் விறைத்துவிடும், வண்டி ஓடும். ஆனால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு கண்ணியும் தேய்ந்த கண்ணிதான். மூட்டின் இடைவெளி குறையவில்லை. ஒற்றைப் பல்சக்கரம், தடித்த செயின், சில வண்டிகளில் முழு செயின் கவர் என்பதால் அந்த வண்டிகள் இதைப் பொறுத்துக்கொண்டன. மோட்டார் சைக்கிளிலோ செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் ஒரே செட்டாக மாற்றிவிடுவது வழக்கம். கோவை எல்.ஜி.பி.யின் ரோலான் ஆகட்டும், 1960-இல் அமெரிக்க டயமண்ட் செயின் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் தொடங்கிய டி.ஐ. டயமண்ட் செயின் ஆகட்டும், செயின் செய்வதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. வாங்குகிற நமக்குத்தான் 'எல்லாம் போனபின் எல்லாவற்றையும் மாற்று' என்பது பழகிப்போனது. கியர் சைக்கிளில் அந்தப் பழக்கம் கையைக் கடிக்கும். செயினை நேரத்தோடு மாற்றிவந்தால் ஒரு கேசட் இரண்டு மூன்று செயின்களைத் தாங்கும்.

அளக்கும்போது சில விஷயங்களைப் பாருங்கள். செயினைத் துடைத்துவிட்டு அளக்க வேண்டும். கறுப்புக் குழம்பின் மேல் கொம்பு நின்றால் 'இறங்கவில்லை' என்று ஏமாற்றும். கருவியை அழுத்தித் திணிக்கக் கூடாது. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம், மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். கழற்றி மாட்டும் குவிக் லிங்க் இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். மற்ற கண்ணிகளிலிருந்து அதன் தேய்மானம் மாறுபடலாம். நான் மாதம் ஒருமுறை சிசி-4 வைத்துப் பார்க்கிறேன். கழுவும் நாளில் ஸ்கேலில் அளந்து தேதியோடு நோட்டில் எழுதுகிறேன். எண்ணெயை மாற்றியபோது தேய்மானம் குறைந்ததா என்பதை அந்த நோட்டு சொல்லிவிடுகிறது. கொம்பு இறங்குவதும் இறங்காததும் அதைச் சொல்லாது.

ஒரே ஒரு பொருள்தான் வாங்குவேன், குனிந்து கோடு பார்க்கப் பொறுமை இல்லை என்பவருக்கு என் பரிந்துரை மூன்று புள்ளிக் கருவி, அதிலும் 0.5, 0.75 இரண்டும் உள்ள சிசி-4. காசு செலவழிக்க மனம் இல்லாதவருக்கு 60 செ.மீ. எஃகு ஸ்கேல், அளவின் உண்மையில் அது எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல. புதிதாக இரண்டு புள்ளிக் கருவி வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்பேன்.

கருவி வந்து சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கடைசியாக எப்போது செயின் மாற்றினீர்கள் என்று நினைவில்லை என்றால், இன்று மாலையே சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி 24 மூட்டுகளை எண்ணிப் பாருங்கள். 12 அங்குலத்துக்கு மேல் 1/16 அங்குலம் நெருங்கியிருந்தால், மழை தொடங்குமுன் புதுச் செயின் ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள்.